வெல்லம் வாங்கப் போனவர்

அன்றைக்கு விடியும்போதே அலவி ராவுத்தர் வீட்டில் நெய் மணத்தது. கௌலத் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு முழு ஆட்டுத்தொடையை வாங்கி வந்துவிட்டாள். மூன்று வருஷமாக வீட்டுப் பக்கம் தலைகாட்டாத மகன் மத்தியானம் சாப்பிட வருகிறான் என்றால் எந்தத் தாய் அளவு பார்ப்பாள்?

விடாமல் படித்து வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடலாம்.

அலவி கோவிந்தாபுரம் செக்போஸ்ட் பக்கத்தில், வீட்டு வாசலிலேயே மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் மகன் ஜாஸிம் மறையூரில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டப் போனான். போன இடத்தில் சோனா என்கிற எஸ்டேட் பெண்ணைப் பிடித்துப்போய், வீட்டில் மூச்சு விடாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான். "இனி இந்தப் படிய நீயும் மிதிக்காதே, அவளும் மிதிக்கக் கூடாது" என்றார் அலவி. அப்பனுக்குப் பிடிவாதம், மகனுக்கு அதைவிட ஒரு பிடி கூடுதல். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

போன மழைக்காலத்தில் அலவி வெல்லம் வாங்க உடுமலைப்பேட்டைக்குப் போனார். அங்கே பஸ் ஸ்டாண்டிலேயே சாய்ந்தார். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. யாரோ ஒரு லாரி டிரைவர் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஆம்புலன்ஸிலும் கூடவே ஏறி, கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். வீட்டு ஆட்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த மனிதர் கிளம்பிவிட்டார். ஆபரேஷன் நடந்தது. ஆண்டவன் கிருபை, ஆள் பிழைத்தார்.

இப்போது நடக்கிறார், சாப்பிடுகிறார், கௌலத்தைச் சீண்டி வாங்கிக் கட்டிக்கொள்கிறார். பழசெல்லாம் அப்படியே இருக்கிறது. புதிதாக நடப்பதுதான் மனதில் தங்குவதில்லை. அதுகூடப் பரவாயில்லை, தங்காத இடத்தில் வேறு ஏதாவது முளைத்துவிடுகிறது.

"என்ற மகன்தான் என்னெத் தூக்கிட்டு ஓடுனான். அவன் இல்லாட்டி நான் அன்னைக்கே மண்ணு" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். கேட்கிறவர்களும் "அடடா, பெத்தா இப்படி ஒரு புள்ளையப் பெக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அந்தப் பிள்ளை அன்றைக்கு மறையூரை விட்டு நகரவே இல்லை. விஷயம் தெரிந்து மறுநாள் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தான். தன் முகத்தைக் கண்டால் அத்தாவுக்கு மறுபடி ரத்தம் கொதித்துவிடுமோ என்று பயந்து, அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

சரி, இப்போது அடுப்படி.

நஜ்லா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அலவியின் மகள், ஜாஸிமுக்கு இளையவள்.

"ஏங் கண்ணு, இன்னைக்கு மட்டும் உன்ற படிப்ப மூட்டை கட்டி வையி" என்றாள் கௌலத். "அவரு 'மகன்தான் தூக்குனான்'னு சொன்னா ஆமான்னுரு. ஜாஸிமையும் ஆமான்னு சொல்லச் சொல்லு. சண்டை தீந்துது, சோறு உண்டமா, முடிஞ்சுது."

"பொய் சொல்லச் சொல்றீங்களாம்மா?"

"நானெங்க சொல்லச் சொன்னேன்? அவரே சொல்லிட்டுத் திரியறாரு. நாம தலைய ஆட்டுனாப் போதும்."

நஜ்லா சிரித்தாள், ஆனால் தலையை ஆட்டவில்லை.

அவள் படிப்பு அப்படி. பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் அவள் மருத்துவ நரம்பு உளவியலாளர். ஊருக்கு அது வாயில் நுழையாது. கௌலத் "மூளை டாக்டர்" என்பாள். "டாக்டர் இல்லம்மா" என்று நஜ்லா திருத்துவாள். "அப்பப் பைத்தியத்துக்குப் பாக்கறவளா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். அதுவும் இல்லை. பக்கவாதம் வந்தவர்கள், தலையில் அடிபட்டவர்கள், மூளையில் ஆபரேஷன் ஆனவர்கள் என்று வளர்ந்த ஆட்கள்தான் அவளிடம் வருவார்கள். கட்டைகளை அடுக்கச் சொல்லி, படம் வரையச் சொல்லி, கதை சொல்லித் திருப்பிக் கேட்டு, மூளையில் எது கெட்டது, எது கெடவில்லை என்று அவள் கண்டுபிடிப்பாள். கெடாததை வைத்து மீதி வாழ்க்கையை எப்படி ஓட்டுவது என்று சொல்லிக் கொடுப்பாள்.

சித்தூர் பக்கத்து பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் அவர் டிக்கெட் கொடுக்கவில்லை. கண் நன்றாகத்தான் தெரிந்தது, மூளைக்குத்தான் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. வீட்டில் எப்போதும் இடது பக்கம் படுக்கிற மனைவி, இந்த மனுஷன் தன்னை ஒதுக்கிவிட்டான் என்று மாதக்கணக்கில் அழுதிருக்கிறாள். நஜ்லா விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு அந்த அம்மாள் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இந்தப் படிப்புக்கு அவளை அனுப்பியதே ஜாஸிம்தான். கோயமுத்தூரில் எம்.எஸ்.சி. முடித்தவள் மேலே படிக்க பெங்களூர் போக வேண்டும் என்றபோது அலவி முடியவே முடியாது என்றார். ஜாஸிம் மூன்று நாள் அத்தாவோடு மல்லுக்கட்டி, கடைசியில் தானே ரயிலேற்றிவிட்டு வந்தான். அதை நஜ்லா ஒரு நாளும் மறந்ததில்லை.

அப்படிப்பட்ட அண்ணனுக்கு அவள் என்ன செய்தாள் தெரியுமா? வேறொன்றுமில்லை, உண்மையைச் சொன்னாள்.

அத்தா தன்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டு ஜாஸிம் குதித்துக்கொண்டு போன் செய்தான். "அத்தா என்னெ மன்னிச்சுட்டாரா?" என்று கேட்டான். நஜ்லா நிதானமாக விளக்கினாள். சொந்த அப்பனைத் தானே சோதிக்கக் கூடாது என்பது அவள் தொழிலின் முறை. அதனால் கூட வேலை பார்க்கிற கிருத்திகாதான் அத்தாவைச் சோதித்தாள். ஒரு பெண் பையைத் தொலைத்த கதையைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டால், அத்தா அதில் தன் கடையைச் சேர்த்து, தானே பையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அது பொய் இல்லை. மூளை தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்கிறது, சொல்கிறவருக்கே தெரியாது. "அதனால நம்பி மோசம் போயிராதண்ணா. அது அத்தா பேசறதில்ல, நோய் பேசறது" என்று முடித்தாள்.

அதன் பிறகு ஜாஸிம் போனே செய்யவில்லை. கௌலத் அழுது கெஞ்சித்தான் இன்றைக்கு வரச் சம்மதித்திருக்கிறான். படித்த படிப்பு அண்ணனை வீட்டுக்கு வராமல் செய்துவிட்டதே என்று நஜ்லா தன்னையே நொந்துகொண்டாள்.

"இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன் பாரு" என்றாள் கௌலத், கறியைக் கிளறிக்கொண்டே. "அந்த லாரிக்காரர் நம்பரு ஆம்புலன்ஸ்காரன்கிட்ட கெடச்சுது. பேரு பெரியமுத்தாம், மூணாத்துப் பக்கம். அவரையும் இன்னைக்கே சாப்பிடக் கூப்பிட்டுட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே சமையலாப் போகுமில்ல?"

நஜ்லாவின் கையிலிருந்த வெங்காயம் உருண்டு போனது. "அம்மா! நெசமாத் தூக்குனவரையும், தூக்குனதா அத்தா சொல்ற ஆளையும் ஒரே நேரத்துலயா உக்கார வைக்கப் போறீங்க?"

கௌலத்தின் கரண்டி நின்றது. "யா அல்லாஹ்" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ஜாஸிம்தான் முதலில் வந்தான். எங்கேயோ வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தான். படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே கால் வைக்காமல் நின்றான்.

நாற்காலியில் பனியனோடு உட்கார்ந்திருந்த அலவி நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"வாடா ராசா! ஏன்டா வெளிய நிக்கறே? கௌலத், பாரு, என்ற உசுரக் காப்பாத்துன மகன் வந்திருக்கான்."

ஜாஸிம் உள்ளே வந்து அத்தாவின் காலடியில் உட்கார்ந்தான். அலவி அவன் தலையைத் தடவினார். "அரிசி மூட்டைக் கனமா கனத்திருப்பேன்! எப்படிடா தூக்குனே?"

கௌலத் கண்ணாலேயே கெஞ்சினாள். ஜாஸிம் அதைப் பார்த்தான். பார்த்தும் அவனால் முடியவில்லை.

"அத்தா, நான் உங்களத் தூக்கல. நான் அங்க இல்லவே இல்ல."

அலவி அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு கடகடவென்று சிரித்தார்.

"பாத்தியா நஜ்லா? சின்னதுல இருந்தே இவன் இப்படித்தான். செய்யறதையும் செஞ்சுபோட்டு, நான் இல்லீம்பான்!"

அடக்க முடியாமல் நஜ்லாவுக்கும் சிரிப்பு வந்தது. ஜாஸிம் மட்டும் சிரிக்கவில்லை. கை கழுவுகிற சாக்கில் எழுந்து கிணற்றடிக்குப் போனான். நஜ்லா பின்னாலேயே போனாள்.

"ஒண்ணு கேக்கறேன், தங்கச்சியாச் சொல்லாத, உன்ற படிப்ப வச்சுச் சொல்லு" என்றான். கண் கலங்கியிருந்தது. "என்ற தலையத் தடவுன கை அத்தாவோடதா, அந்த நோயோடதா?"

"தெரியலண்ணா. சத்தியமாத் தெரியல. நீ தூக்குனதா அவரு நெனக்கறதால பாசமா இருக்காரா, இல்ல பாசம் முன்னாடியே வந்துருச்சான்னு எந்தச் சோதனையிலயும் கண்டுபிடிக்க முடியாது."

"அப்ப நான் சாப்புட்டுட்டுக் கெளம்பறேன். இனி வரமாட்டேன். ஓசியில கெடச்ச பாசம் எனக்கு வேண்டாம் புள்ள. நாளைக்குத் தெளிஞ்சு, மறுபடி வெளிய போன்னு சொன்னா என்னால தாங்க முடியாது."

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"வீட்ல யாரும்மா? நான் பெரியமுத்து, லாரி டிரைவர்."

நடு வயசு, ஒல்லியான தேகம், துவைத்து மடித்த காக்கிச் சட்டை. கையில் ஒரு பொட்டலம் தேயிலை. கௌலத் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று மாதக்கணக்கில் யோசித்து வைத்திருந்தவள், அவரைப் பார்த்ததும் ஒரு வார்த்தை வராமல் விசும்பினாள்.

"அட, அழாதீகம்மா. அய்யா எந்திரிச்சு நடமாடுறாகளா? அது போதும்."

அலவி அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். ஆள் யாரென்று தெரியவில்லை. "வாங்க, உக்காருங்க. கடைக்கு வந்தீங்களா?"

"இல்லங்கய்யா, ஒங்களத்தேன் பாக்க வந்தேன்."

பிறகு பெரியமுத்து, கிணற்றடியிலிருந்து வந்து நின்ற ஜாஸிமைப் பார்த்தார், மேலும் கீழும் பார்த்தார். "தம்பிதேன் அந்த மறையூர் மகனா?"

ஜாஸிம் திகைத்தான். "மறையூர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அய்யாதேன் சொன்னாக."

"எப்ப?"

"அன்னைக்கித்தேன், விழுகுறதுக்கு முன்னாடி."

நஜ்லா ஓரடி முன்னால் வந்தாள். "முன்னாடியா? என்ன சொன்னாரு? ஒண்ணு விடாமச் சொல்லுங்கண்ணே."

பெரியமுத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "என்னத்தச் சொல்ல! உடுமலை பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சுக்கிட்டு நிக்கேன். இவுக வந்து, மறையூர் பஸ்ஸு எங்க நிக்கும்னு கேட்டாக. அங்கிட்டு என்ன சோலின்னு கேட்டேன். 'என்ற மகன் அங்க ஜீப்பு ஓட்டறான், மூஞ்சியப் பாத்து ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. கோவத்துல போடான்னுட்டேன். இனி நாந்தான் போய்க் கூப்புடோணும்'னாக. வீட்ல சொல்லிட்டு வந்தீகளான்னேன். 'வெல்லம் வாங்கப் போறேன்னு சொல்லிருக்கேன், தெரிஞ்சா பொண்டாட்டி சிரிப்பா'ன்னு சிரிச்சாக. சிரிச்ச வாக்குலயே சாஞ்சுட்டாக."

"வெல்லமா?" என்றாள் கௌலத் மெதுவாக. "அடப்பாவி மனுசா! எங்கிட்டச் சொன்னா நானும் கூட வந்திருப்பனே!"

அலவி ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தார்.

"ஆம்புலன்ஸுல கண்ணே தொறக்கல" என்று பெரியமுத்து தொடர்ந்தார். "தலையில தொப்பியப் பாத்தேன். எங்க எஸ்டேட்டு கடைத்தெருவுல ராவுத்தர் வீட்டுப் புள்ளைகளோடதேன் நான் வளந்தது. அதுக அப்பன அத்தானுதேன் கூப்புடும். அய்யான்னா காதுல ஏறாதோன்னு, 'அத்தா, அத்தா, கண்ணத் தொறங்கத்தா'ன்னு வழி நெடுகக் கத்திக்கிட்டே வந்தேன். ஒரு வாட்டி லேசாத் தொறந்தாக. 'வந்துட்டியாடா'ன்னாக. 'வந்துட்டேன்த்தா'ன்னேன். வேற என்ன சொல்ல?"

நஜ்லா சுவரில் சாய்ந்துகொண்டாள். மூளை ஓட்டையை அடைத்துக்கொள்கிறது என்று அவள்தான் சொன்னாள். சொன்னது சரிதான். ஆனால் எதைக் கொண்டு அடைத்தது என்று அவள் கேட்கவே இல்லை. மகனைத் தேடிக் கிளம்பியவர் காதில் யாரோ 'அத்தா' என்று கூப்பிட்டால், அந்த மனிதர் வேறு யாரென்று நினைப்பார்?

"அண்ணா" என்றாள். "கேட்டியே, இப்பச் சொல்றேன். ரத்தக்குழாய் வெடிக்கறதுக்கு முன்னாடியே அத்தா கெளம்பிட்டாரு. நல்ல மூளையோட, நல்ல நெனப்போட, உன்னெத் தேடி. அந்தக் கை அத்தாவோடதுதான்."

ஜாஸிம் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பி அழுதான். எழுந்து போய்ப் பெரியமுத்துவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நான் கூப்புட வேண்டியத நீங்க கூப்புட்டிருக்கீங்கண்ணே. இதுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?"

"நெய்ச்சோறு மணக்குதே, அதப் போடச் சொல்லு தம்பி" என்றார் பெரியமுத்து. எல்லாரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று கௌலத் எத்தனை முறை சொன்னாளோ, எண்ணியவர் யாருமில்லை.

"ஏன்டா அழுவறே?" என்று அலவி கேட்டார். "உங்களத் தூக்குனது இவருதான் அத்தா" என்றான் ஜாஸிம். அலவி பெரியமுத்துவை வெகுநேரம் பார்த்தார். "நீயாப்பா?" என்றார். "ஆமாங்கத்தா" என்றார் பெரியமுத்து. அலவி அவர் கன்னத்தைத் தொட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் இது மறந்துபோகும் என்று நஜ்லாவுக்குத் தெரியும். போகட்டும், நாங்கள் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஜாஸிம் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அம்மா, சோனாவும் வந்திருக்கா. செக்போஸ்ட் பக்கம் ஜீப்புலயே உக்காந்திருக்கா."

"அடேய், வெயில்லயா விட்டுட்டு வந்தே? போடா, போய்க் கூட்டிட்டு வா!" என்று கௌலத் அவனைத் துரத்தினாள்.

ஜீப் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. ஆனால் ஜாஸிம் மட்டும்தான் உள்ளே வந்தான். "அவ எறங்க மாட்டேங்கறா. மிதிக்காதேன்னு சொன்னது மாமா, மாமாவே வந்து சொன்னாத்தான் படியேறுவாளாம். கோவமெல்லாம் இல்லம்மா, பயந்து போயிருக்கா."

நியாயம்தானே? கௌலத்தும் நஜ்லாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வண்டியில யாரு?" என்றார் அலவி.

"சோனா, அத்தா" என்றான் ஜாஸிம்.

பழசெல்லாம் இருக்கிற மனது. கோபமும் பழசுதான். அலவி ஜன்னல் வழியாக ஜீப்பைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு தன் பனியனைக் குனிந்து பார்த்தார்.

"கௌலத், சட்டைய எடு. மருமக முன்னாடி இப்படியா போறது?"

சட்டையை மாட்டிக்கொண்டு அவர் படியிறங்கினார். நஜ்லா கூடவே நடந்தாள். வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில் கடை இருக்கிறது. ஆரோக்கியமான ஆளுக்கு அது ஒரு தூரமே இல்லை. அத்தாவுக்கு, கிளம்பிய காரியம் பாதியில் நழுவிப்போகிற தூரம். நழுவினால் கேட்டருகே நின்றுகொண்டு, 'யாரும்மா, என்ன வேணும்?' என்பார். அதைக் கேட்டால் சோனா திரும்பியே பார்க்க மாட்டாள்.

அலவியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நஜ்லா காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"சோனா... சோனா... சோனா..."

மறக்கக் கூடாததை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும் என்று கிருத்திகா பழக்கிவிட்டிருந்தாள். மூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லாத பெயர் அது.

"ராவுத்தரே, அரைக் கிலோ சர்க்கரை!" என்று கடை முன்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

ஆயுசு முழுக்க அந்தக் குரலுக்குத் திரும்பிப் பழகிய மனிதர். அலவியின் கால் நின்றது. தலை கடைப் பக்கம் பாதி திரும்பியது.

அவர் கையை மட்டும் உயர்த்தி, பொறு என்று காட்டினார்.

"சோனா... சோனா..." என்று சொல்லிக்கொண்டே கேட்டை நோக்கி நடந்தார்.